முப்பது காசும் குமணன் தலையும்

கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரு அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தான்? யோவான் சுவிசேஷம் அவனைப் பெத்தானியாவில் ஒரு விருந்தில் உட்காரவைக்கிறது; ஒரு வார்த்தைகூடப் பேசவைக்கவில்லை. ரஷ்ய எழுத்தாளர் லியோனித் ஆந்திரேயெவ் 1906-இல் எழுதிய கதை அப்படியொரு பந்தியில்தான் தொடங்குகிறது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறான் லாசரு. உடம்பில் பிணத்தின் நீலம் இன்னும் போகவில்லை. 'அங்கே என்ன இருந்தது?' என்று ஒருவன் கேட்டுவிடுகிறான். பதில் இல்லை. வாத்தியக்காரர்களின் கை ஓய்கிறது. அதன்பின் அவன் கண்ணைப் பார்த்தவர்களுக்கெல்லாம் வாழ்க்கை ருசியற்றுப் போகிறது. ரோமாபுரியிலிருந்து வந்து பார்த்த சிற்பியின் கையில் அழகு வற்றிவிடுகிறது. கடைசியில் அகுஸ்து ராயன் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்தக் கண்களைப் பொசுக்க உத்தரவிடுகிறான்.

மறுவருடம் வந்த யூதாஸ் கதை இன்னும் பொல்லாதது. யாரையும்விடத் தானே இயேசுவை நேசிப்பதாக நம்புகிறவன் அவன். காட்டிக்கொடுத்தால் சீஷர்கள் கொதித்தெழுவார்கள், ஜனங்கள் விழித்துக்கொள்வார்கள் என்று காத்திருக்கிறான். ஒருவரும் அசையவில்லை. சிலுவைப்பாடு முடிந்ததும் சீஷர்களிடமே போய், அவர் செத்திருக்க நீங்கள் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். இவற்றுக்கு முன்பே யோபுவைக் கிராமத்துப் பாதிரியாக்கி ஒரு குறுநாவலும் எழுதியிருந்தார் ஆந்திரேயெவ். வேதத்தில் யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். இந்தப் பாதிரிக்கு எதுவும் வருவதில்லை.

கார்க்கியின் நண்பராக இருந்தவர்தான். போல்ஷெவிக்குகளை எதிர்த்து, 1919-இல் பின்லாந்தில் 48 வயதில் இறந்தார். சோவியத் பதிப்பகங்கள் மலிவு விலையில் அனுப்பிய தமிழ்ப் புத்தகங்களில் தால்ஸ்தாயும் கார்க்கியும் நம் அலமாரிகளில் வந்து உட்கார்ந்த மாதிரி இவர் வந்து உட்காரவில்லை. அரசியல்தான் காரணம் என்று முடித்துவிடலாம். எனக்கு வேறொரு கவலை.

மூலக்கதை தெரிந்தவனுக்குத்தான் இந்தக் கதைகள் சுடும். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943-இல் வந்தபோது, அகலிகை யார் என்று அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கவில்லை. சீதை தீக்குளித்ததைக் கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள் என்றதும் வாசகனுக்குப் பதறியது. ராமனின் பாதம் பட்டு அவள் பெண்ணானது தெரியாத பிள்ளைக்கு, ஒரு பெண் ஏனோ கல்லாகிறாள், அவ்வளவுதான். பின்னணி தெரியாவிட்டாலும் நல்ல கதை தன் காலில் நிற்கும் என்பவர்கள் உண்டு. நிற்கும்; அடி விழாது.

பூந்தமல்லிக்குச் சற்று முன்னால், மெட்ரோ தூண்கள் வரிசைகட்டி நிற்கும் குமணன்சாவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் குமணன் என்ற வள்ளலால் வந்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. தம்பி இளங்குமணன் அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டில் இருந்த குமணன், பரிசில் கேட்டு வந்த புலவர் பெருந்தலைச் சாத்தனாரிடம், தலையைக் கொய்து விலை பெறட்டும் என்று தன் வாளையே நீட்டினான். வாளோடு தம்பியிடம் போன புலவர் அந்தத் தலையை விற்கவில்லை. புறநானூற்றில் இருக்கிறது. இங்கே தினமும் பேருந்துக்கு நிற்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்த ஒருவர் ஆந்திரேயெவின் யூதாஸைப் படித்தால், பிரதான ஆசாரியனோடு அவன் முப்பது காசுக்குப் பேரம் பேசும் இடத்தில் சாத்தனார் குறுக்கே வந்து நிற்பார். அந்த வாசிப்பு ரஷ்யனுக்குக் கிடைக்காது.

ஞாயிறு பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்கிறார்கள், பள்ளியில் புறநானூற்றை மதிப்பெண்ணுக்குப் படிக்கிறார்கள். கதையாகச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பாட்டி தனி ஃபிளாட்டில், பேரன் கைபேசியில். ஆந்திரேயெவ் நாளைக்கே நல்ல தமிழில் முழுசாக வரட்டும். பின்னிணைப்பாக லாசரு, யோபு, யூதாஸ் மூவரின் மூலக்கதையையும் அச்சிட்டாக வேண்டியிருக்கும். குமணனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்வேன்.