ஏறி உட்கார எந்தக் குதிரை?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை காரோ, லாரியோ, பைக்கோ எது தயாரானாலும் அதன் வலிமையைச் சொல்ல இன்னமும் குதிரையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. எஞ்சின் 20 குதிரைத்திறனுக்குச் சற்று அதிகம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் நீராவி எஞ்சினை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் போட்ட கணக்குதான் இந்தக் குதிரைத்திறன். செக்கு இழுப்பதுபோல மணிக்கணக்காகச் சுற்றிவரும் குதிரையை மனதில் வைத்துப் போட்டது. அதே குதிரை முழு மூச்சில் பாயும்போது சில நொடிகளுக்கு ஏறக்குறைய 15 குதிரைத்திறன் வரை எட்டும் என்கிறது பிற்கால ஆய்வு.

ஆனால் குதிரையேறுபவர்கள் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை. நடை எப்படி, குணம் எப்படி, வெயில் தாங்குமா, என் எடையைத் தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். இதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் இனத்தில் இருக்கிறது.

இந்தியாவில் பதிவு பெற்ற குதிரை இனங்களில் தமிழ்நாட்டுக்கென்று ஒன்றுகூட இல்லை. மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி எல்லாம் ராஜஸ்தான், குஜராத் பக்கம். ஸ்பிதியும் ஜான்ஸ்காரியும் இமயமலைக் குதிரைகள். மணிப்பூருக்குத் தனியாக ஒரு மட்டக்குதிரை உண்டு; நவீன போலோ விளையாட்டே அதன் முதுகிலிருந்து உலகத்துக்குப் போனதுதான். அய்யனார் கோயில்தோறும் மண்குதிரை நிற்கும் நாட்டில், உயிருள்ள குதிரை எப்போதுமே வெளியூர்ச் சரக்கு.

அந்தச் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் போக வேண்டும். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகளுக்குத் தனி மவுசு. வாங்க வருபவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வயது அதில் தெரிந்துவிடும். அடுத்து சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில் எங்கே சுழி இருந்தால் யோகம், எங்கே இருந்தால் ஆகாது என்பதற்குப் பெரிய சாஸ்திரமே உண்டு. நல்ல குதிரை ஒன்று சுழியின் பெயரால் விலை இறங்கினால், சுழியை நம்பாதவருக்கு அதிர்ஷ்டம்தான்.

அங்கே மார்வாரியை அடையாளம் காண ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு காதுகளும் உள்பக்கமாக வளைந்து, நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். கத்தியவாரிக்கு அந்த வளைவு இன்னும் கூடுதல். முதுகின் உயரம் மார்வாரிக்கு ஏறக்குறைய 5 அடி; கத்தியவாரி பொதுவாக ஓரிரு அங்குலம் குறைவு. மார்வாரி, ஜோத்பூரை ஆண்ட ராத்தோர்களின் போர்க்குதிரை. சமஸ்தானங்களும் குதிரைப்படைகளும் போன பிறகு எண்ணிக்கை சரிந்து, அழிவின் விளிம்பு வரை போய் மீண்ட இனம் அது.

காதழகுக்காக மட்டும் இவற்றை யாரும் விரும்புவதில்லை. முக்கியக் காரணம் நடை. சாதாரணக் குதிரை 'ட்ராட்' என்கிற துள்ளோட்டத்தில் போகும்போது குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து எழுந்து விழும். ஒவ்வொரு எட்டுக்கும் சவாரி செய்பவர் தூக்கிப் போடப்படுவார். அந்தத் தாளத்துக்கு ஏற்ப சேணத்தில் எழுந்து உட்காரப் பழகும்வரை, புதிதாகக் கற்பவருக்குத் தொடையும் இடுப்பும் கழன்று போகும். மார்வாரியிலும் கத்தியவாரியிலும் பல குதிரைகளுக்கு 'ரேவால்' என்ற பிறவி நடை வாய்த்திருக்கிறது. ஒரு பக்கத்தின் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மறுபக்கம் என்று நான்கு கால்களும் தனித்தனியே விழும். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். அதனால் குலுக்கலே இல்லை. பாலைவனத்தில் நாள் முழுக்கப் பயணம் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்! ஐஸ்லாந்துக் குதிரைக்கும் இதே மாதிரி ஒரு நடை இருப்பதால்தான், குட்டையான அந்த இனத்தை ஐரோப்பியர்கள் தேடிப் போகிறார்கள்.

சென்னைப் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே குதிரையேற்றம் கற்பவர்கள் பெரும்பாலும் ஏறுவது தரோபிரெட், அதாவது ரேஸ் குதிரை. காரணம் எளிது: கிண்டி ரேஸ் மைதானம். சென்னையில் குதிரைப் பந்தயத்தின் வரலாறு 1777-இல் தொடங்குகிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கும். பலவற்றுக்கு ஐந்தாறு வயதில் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ 25 ஆண்டுகளுக்கு மேல். மிச்சக் காலத்துக்கு அவற்றில் ஒரு பகுதி சவாரிப் பள்ளிகளுக்கு வந்து சேரும்.

உலகத்தின் தரோபிரெட் அத்தனையும் ஆண் வழியில் மூன்றே குதிரைகளின் வாரிசுகள். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற அந்த மூன்றும் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை. நீண்ட கால், பெரிய நுரையீரல், மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். தாண்டிக் குதிக்கவும் நன்றாக வரும். அனுபவசாலிகளுக்கு இதன்மேல் தனிப் பாசம். காலால் லேசாக அழுத்தினாலே புரிந்துகொள்ளும். அதே காரணத்தால் கற்றுக்குட்டிக்கு ஆபத்து. குட்டையான அங்கவடியில் எழுந்து குனிந்து நிற்கும் ஜாக்கிக்குப் பழகிய முதுகு, முழு எடையோடு உட்காரும் ஆளைச் சட்டென்று ஏற்காது. மறுபயிற்சி தராமல் பந்தயக் குதிரையைப் பள்ளிக்குக் கொண்டுவருவது குதிரைக்கும் நல்லதல்ல, மாணவருக்கும் நல்லதல்ல.

தரோபிரெட்டின் மூதாதையான அரபுக் குதிரை தமிழகத்துக்கு அதைவிடப் பழைய விருந்தாளி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே புரவிகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். வேகவைத்த இறைச்சியையும் சோற்றையும் தீனியாகப் போட்டார்களாம். வைத்தியம் தெரிந்தவர்களும் இல்லையாம். குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

இத்தனைக்கும் பிறகும் மன்னர்கள் அதையே கேட்டார்கள் என்றால், அரபுக் குதிரையின் தாக்குப்பிடிக்கும் சக்திதான் காரணம். உடல் சிறிது, எலும்பு கெட்டி, வறண்ட நிலத்தில் களைக்காமல் ஓடும். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைப் போட்டியில் ஒரே நாளில் சுமார் 160 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். அதில் இன்றும் அரபுக் குதிரைகளின் ராஜ்ஜியம்தான்.

போட்டிக் களத்தில் மட்டும் இந்தியக் குதிரைகளுக்கு இடம் கிடைப்பது கடினம். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023 செப்டம்பரில், இந்தியா டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். இசைக்கு ஆடுவதுபோல அளந்து அடியெடுத்து வைக்கும் இந்தப் போட்டியில் உலகெங்கும் கோலோச்சுவது 'வார்ம்பிளட்' எனப்படும் ஐரோப்பிய வகைகள். ஹனோவேரியன், டச்சு வார்ம்பிளட் போன்றவை. பந்தயக் குதிரையின் சுறுசுறுப்பையும் வண்டிக் குதிரையின் நிதானத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து எடுத்தவை. விலை சாதாரண ஆளுக்கு எட்டாது.

வார இறுதியில் ஒரு மணி நேரம் ஏற நினைப்பவருக்கு இந்தப் பட்டியலில் எது? முதல் சில மாதங்களுக்கு இனத்தை மறந்துவிடலாம். நடுவயது கடந்த, பல மாணவர்களைப் பார்த்துச் சலித்த குதிரைதான் நல்ல ஆசிரியர். அது மட்டக்குதிரையானாலும் சரி, கலப்பானாலும் சரி. சேணம் போடும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வருகிறதா, முதுகைத் தொட்டால் நெளிகிறதா என்று கவனித்தால் பாதி தெரிந்துவிடும். எடையும் முக்கியம். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு, சேணத்தையும் சேர்த்து 80 கிலோ. இந்தக் கணக்கை முதலிலேயே கேட்டு, ஆளை எடைபோட்ட பிறகே குதிரையைக் கொடுக்கும் பள்ளியில் தைரியமாகச் சேரலாம்.