உங்களுக்குத் தெரியுமா? காணி மக்களுக்குச் சரிபாதி பங்கு!

செங்கோட்டையிலிருந்து தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகும்போது பாலோடு என்ற ஊர் வரும். பழங்குடியினரின் காட்டறிவுக்கு வருமானத்தில் பங்கு கொடுத்து உலகத்துக்கே முன்னோடியான ஒப்பந்தம், அங்குள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் செய்ததுதான்.

● 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதனின் குழுவினர் நடந்து களைத்தார்கள். வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் மட்டும் ஒரு செடியின் சிறு காயைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை.

● அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து பாலோடு நிலையத்தில் உருவானது.

● 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசி உற்பத்தி உரிமம் பெற்றது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகை. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு.

● அந்தப் பணத்தைப் பெற, 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவானது.

● ஆனால், செடியை வளர்த்து இலையை விற்பதற்கு வனத்துறை அனுமதி எளிதில் கிடைக்காததால் உற்பத்தி தடுமாறியது.

● பின்னர் வந்த 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மூலிகை, மூங்கில் போன்ற சிறுவன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்குத் தருகிறது. பாபநாசம் மலையின் காணிகளுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர்களுக்கும் இது பொருந்தும்.

காட்டு மூலிகையால் லாபம் பார்க்கும் ஒவ்வொரு நிறுவனமும், அதன் பயனை முதலில் அறிந்த மக்களுக்குப் பங்கு தருவதே நியாயம்.