ஏக்கர் கணக்கும் பங்கு விலையும்

நிலத்தை ஏராளமாக வைத்திருக்கும் அமெரிக்க ரியல் எஸ்டேட் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து அதன் உண்மையான மதிப்பைச் சொல்லிவிட முடியாது. நிலம் அங்கே வாங்கிய விலையில்தான் உட்கார்ந்திருக்கும். ஃபுளோரிடாவின் வடமேற்கில் காகிதக் கூழுக்காக ஒரு காலத்தில் அடிமாட்டு விலைக்குக் காடு வாங்கிக் குவித்த செயின்ட் ஜோ கம்பெனியிடம், 2010இல் சுமார் 5,70,000 ஏக்கர் இருந்தது. கடற்கரையோரம் ஒரு மனை விற்ற விலையைக் கேட்டுவிட்டு அதை மொத்த ஏக்கரோடு பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். அப்படிப் பெருக்குவதுதான் தவறு.

அந்த ஆண்டு அக்டோபரில் டேவிட் ஐன்ஹார்ன் என்ற முதலீட்டாளர் இந்தப் பங்கு விழும் என்று மேடையேறிச் சொன்னார். சாலை போட்டும் வீடு வராத மனைப்பிரிவுகளைப் படம் படமாகக் காட்டினார். 24 டாலர் அளவில் விற்ற பங்குக்கு அவர் போட்ட மதிப்பு 7 முதல் 10 டாலர். எதிர்த்தரப்பில் நின்றவர் ப்ரூஸ் பெர்கோவிட்ஸ். அவருடைய ஃபண்டுதான் அப்போது கம்பெனியின் பெரிய பங்குதாரர்.

இருவருக்கும் நடுவே இருந்த கேள்வி ஒன்றே: இந்த நிலம் விற்றுத் தீர எத்தனை வருடம் ஆகும்? நூறு கோடிக்குப் போகும் நிலம் இருபது வருடம் கழித்துத்தான் விற்கும் என்றால், ஆண்டுக்குப் பத்து சதவீத வருமானம் எதிர்பார்ப்பவருக்கு இன்று அது சுமார் 15 கோடிதான். அதிலும் சாலை, வடிகால், சொத்து வரி, சம்பளம், கடன் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் மதிப்பு கிடைக்கும். ஆகவே காடு, அனுமதி வாங்கிய நிலம், மனை போட்ட நிலம் என்று பிரித்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுவதே சரி.

2014இல் செயின்ட் ஜோ சுமார் 3,80,000 ஏக்கரை 56 கோடி டாலருக்கு விற்றது. ஏக்கருக்கு 1,500 டாலர்கூடத் தேறவில்லை. பரப்பில் பெரும்பகுதி வெறும் மரக்காடு என்பதைச் சந்தையே சொல்லிவிட்டது. ஆனால் கையில் நிறுத்திக்கொண்ட பனாமா சிட்டி பீச் சுற்றுவட்டார நிலத்துக்குப் பின்னாளில் ஆட்கள் குடிவந்தார்கள். 2021இல் பங்கு 40 டாலருக்கு மேல் விற்றது. 24 டாலருக்கு வாங்கியவர் இதற்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் இப்படிப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், மொத்த ஏக்கர் எவ்வளவு என்பதை நான் பிறகுதான் பார்ப்பேன். போன வருடம் எத்தனை மனை விற்றது, அதற்கு முந்தைய வருடம் எத்தனை என்பதைத்தான் முதலில் தேடுவேன்.