ஜீன் எல். கூனின் திரைக்கதைகளில் பகைமை

ஓர் ஆசிரியர் ஒரே வகை இலக்கியத்தில் மட்டும் எழுதியிருப்பின், அவர் படைப்பில் காணப்படும் கருத்து அவருடையதா, அவ்வகையின் மரபு தந்ததா என்று துணிதல் அரிது. பல வகைகளில் எழுதியவரிடத்தே இத்துணிவு எளிதாகின்றது. களம் மாறியும் மாறாது நிற்பது எதுவோ, அதனை ஆசிரியர்க்கே உரியதாகக் கொள்ளலாம். இம்முறையில் ஆராய்தற்கு ஏற்றவர் அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் ஜீன் எல். கூன். குதிரைவீரரும் துப்பாக்கியும் மலிந்த மேற்புலக் கதை, குற்றக் கதை, அறிவியற் புனைகதை ஆகிய மூன்றிலும் அவர் எழுதினார். இம்மூன்றினும் ஊடுருவி நிற்பது பகைமையைப் பற்றிய வினாவே என்பதனை ஈண்டுக் காண்போம்.

கூன் 1924ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்துப் பியாட்ரிஸ் நகரில் பிறந்தார். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றினார். கொரியப் போரைக் களமாகக் கொண்டு நகைச்சுவை வாய்ந்த புதினங்கள் இரண்டனை 1961இலும் 1964இலும் வெளியிட்டார். தொலைக்காட்சியில் ‘வேகன் டிரெய்ன்’, ‘பொனான்சா’ முதலிய மேற்புலத் தொடர்களுக்கும், ‘டிராக்நெட்’ என்னும் காவல்துறைத் தொடருக்கும் எழுதினார். 1973இல், தம் நாற்பத்தொன்பதாம் அகவையில், மறைந்தார்.

அக்காலத் தொலைக்காட்சித் தொடரின் அமைப்பு ஒன்றனை நாம் முதற்கண் உணர்தல் வேண்டும். வாரந்தோறும் ஒரு கதை முடியும். ஆயினும் தலைமை மாந்தர் பெரிதும் மாறுதல் ஆகாது. அடுத்த வாரமும் அவர்கள் அவ்வாறே தோன்றியாக வேண்டும். ஆதலின் மாற்றமும் துன்பமும் அவ்வாரம் வந்து செல்லும் அயலார்மேல் ஏற்றப்பட்டன. ‘வேகன் டிரெய்ன்’ தொடரின் தனிக்கதைகள் பெரும்பாலும் அவ்வவ் அயலார் பெயராலேயே வழங்கியமை இதற்குச் சான்று. அயலான் ஒருவனைக் குறுகிய பொழுதில் அறியச் செய்யும் பயிற்சியை இவ்வமைப்பே கூனுக்கு அளித்தது எனக் கொள்ளலாம்.

முதல், கரு, உரி எனப் பொருளைப் பகுத்துக் காணும் நம் மரபு இவ்விடத்தே துணைசெய்யும். மேற்புலக் கதைக்குப் பரந்த வெளியும் சிற்றூரும் முதற்பொருள். குதிரையும் துப்பாக்கியும் கருப்பொருள். உரிப்பொருளோ, பகைவனை எதிர்நின்று வெல்லுதல். கூன் முன்னிரண்டனையும் மரபுவழியே ஏற்றுக்கொண்டார்; உரிப்பொருளை மட்டும் உள்நின்று மாற்றினார்.

1959இல் வெளிவந்த ‘நோ நேம் ஆன் தி புல்லட்’ என்னும் படத்தை நோக்குவோம். ஹவர்ட் அமாக்கரின் கதைக்குக் கூன் திரைக்கதை அமைத்தார். ஜாக் ஆர்னால்டு இயக்கினார். கூலிக்குக் கொல்லும் ஜான் கான்ட் என்பான் ஒரு சிற்றூருக்கு வருகின்றான். அவன் யாரைக் கொல்ல வந்தான் என்பது எவர்க்கும் தெரியாது. ஊரில் முன்பு பிழை செய்தோர் ஒவ்வொருவரும் தம்மையே தேடி வந்தான் என அஞ்சுகின்றனர். ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றார். வந்தவன் துப்பாக்கியை எடுக்குமுன்னரே ஊர் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகின்றது. பகைமை புறத்தேயிருந்து வந்ததன்று. வந்தவன் அதனை வெளிப்படுத்தும் கருவியே என்பது இதனாற் பெறப்படும்.

குற்றக் கதையிலும் இம்மாற்றமே நிகழ்கின்றது. ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘தி கில்லர்ஸ்’ என்னும் சிறுகதையில், தன்னைக் கொல்ல ஆட்கள் வந்துளர் என அறிந்தும் ஒருவன் தப்பியோட மறுக்கின்றான். அக்கதையைத் தழுவி 1946இல் வந்த படத்தில் அம்மறுப்பின் காரணத்தைத் துருவுபவர் காப்பீட்டு நிறுவனத்தின் புலனாய்வாளர். டான் சீகல் இயக்கத்தில் 1964இல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதிய கூன், அப்பணியைக் கொலைஞரிடத்தே ஒப்படைத்தார். தம் கையால் மாண்டவன் ஏன் ஓடவில்லை என்னும் வினா கொன்றவனையே பற்றிக்கொள்கின்றது. பெரும்பொருள் பெறலாம் என்னும் ஆசையும் உடன் உண்டு. எனினும் அவ்வினாவே அவனைச் செலுத்துகின்றது. கொலைக்குப் பின்னர்த் தோன்றும் அறிவு எவரையும் காப்பதில்லை என்பதே இப்படத்தின் அவலம். தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட இப்படம், வன்மை மிக்கது எனக் கருதப்பட்டமையால் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது.

1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் தயாரிப்புப் பொறுப்பைக் கூன் ஏற்றார். அதனைத் தோற்றுவித்த ஜீன் ராடன்பெரி, விண்மீன்களை நோக்கிச் செல்லும் ‘வேகன் டிரெய்ன்’ என்றே அத்தொடரை முன்பு அறிமுகம் செய்திருந்தார். எனவே கூன் புகுந்தது முற்றிலும் புதிய நிலமன்று. 1967 சனவரியில் ஒளிபரப்பான ‘அரினா’வில் இரு கப்பல்களின் தலைவர்கள், மனிதனும் வேற்றுயிரும், தனித்துப் பொர விடப்படுகின்றனர். கதைக்குரியவராகக் காட்டப்பெற்ற ஃபிரெட்ரிக் பிரௌனின் 1944ஆம் ஆண்டுச் சிறுகதையில் மனிதன் எதிரியைக் கொல்கின்றான்; எதிரியின் படை முழுதும் அழிகின்றது. கூனின் திரைக்கதையிலோ, எதிரி தன் நிலத்தைக் காக்கவே தாக்கியிருக்கலாம் எனத் தலைவன் கர்க் எண்ணி, வீழ்ந்தவனைக் கொல்ல மறுக்கின்றான். அதே ஆண்டு மார்ச்சில் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ இதனினும் சிறந்தது. சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் உயிர் ஒரு தாய் என்பதும், அத்தொழிலாளர் பொருளறியாது உடைத்தெறிந்த உருண்டைகள் அதன் முட்டைகள் என்பதும் பின்னர்த் தெரியவருகின்றன. ‘தி கில்லர்ஸ்’ படத்தில் காலம் கடந்து வந்த அறிவு, ஈண்டு இறுதிக் கொலைக்கு முன்னரே வந்து காக்கின்றது.

மூன்று களங்களும் ஒன்றுகூடும் இடமும் உண்டு. 1968இல் லீ குரோனின் என்னும் புனைபெயரில் கூன் எழுதிய ‘ஸ்பெக்டர் ஆஃப் தி கன்’ என்னும் கதையில், விண்வெளி மாந்தர் 1881ஆம் ஆண்டின் ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டைக்குள், அதுவும் தோற்றோர் பக்கத்தில், நிறுத்தப்படுகின்றனர். செலவு குறைக்கும்பொருட்டு முகப்பு மட்டுமே அமைந்த கட்டடங்கள் அவ்வூரை மெய்யூராக அன்றி, மரபின் நிழலாகக் காட்டுகின்றன. இறுதியில் எதிரியை வீழ்த்திய கர்க், சுட வாய்த்தும் சுடாமல் விடுகின்றான். இதனைக் கண்ட அயலுலகினர் வியந்து வினவுகின்றனர். அவ்வினாவே நட்புக்கு வாயிலாகின்றது. மேற்புலக் கதையின் உரிப்பொருளை, அதன் களத்திலேயே நின்று, அதன் ஆசிரியர்களுள் ஒருவரே மறுத்துரைத்தார் என்க.

தொலைக்காட்சிக் கதை பலர் கைபட்டு உருவாவது. ஆகலின் அனைத்தையும் ஒருவர்க்கே உரிமையாக்கல் பொருந்தாது எனச் சிலர் தடை கூறலாம். அத்தடை ஏற்கத்தக்கதே. கூன் எழுதியன எல்லாம் உயர்ந்தனவும் அல்ல. அதே புனைபெயரில் வந்த ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ அத்தொடரின் மெலிந்த கதைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றது. ஆயினும் இயக்குநரும் நடிகரும் நிறுவனமும் மாறிய இடத்தும் ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுமாயின், அதனை ஊழ்வயத்தான் நேர்ந்தது எனத் தள்ளுதல் இயலாது.

வாரந்தோறும் விற்பனைக்கு எழுதப்பட்டவை என்பதுபற்றி இத்தகு படைப்புகளை ஆராய்ச்சியினின்றும் விலக்குதல் தகாது. போரை நேரிற் பயின்ற ஒருவர், கொல்லுதலே முடிபாக வரும் கதைகளை எழுதிப் பிழைக்கும் தொழிலில் இருந்துகொண்டே, கொல்லுமுன் வினவுக என்பதனைக் கோடிக்கணக்கானோர் இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தார். மரபை உடையாது அதன் உரிப்பொருளை மாற்றும் இவ்வாற்றல் எம்மொழிப் படைப்பிற் காணப்படினும் ஆய்தற்கு உரியதே.