உடல்வலுப் பயிற்றுநர்

பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் மோதி வீழ்த்தும் விளையாட்டே அமெரிக்கக் கால்பந்து. அதில் வலிமையும் வேகமும் ஒருங்கே வேண்டும். எனினும், எடை தூக்கினால் தசைகள் இறுகி ஓட்டம் தளரும் என்றே பயிற்றுநர்கள் பலர் நெடுங்காலம் நம்பினர். 1963இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணி ஆல்வின் ராய் என்பவரை அமர்த்தித் தன் வீரர்களை எடை தூக்கச் செய்தது. அவர் ஊக்கமருந்து மாத்திரைகளையும் வழங்கியது, இத்தொழிலின் தொடக்கத்திலேயே படிந்த கறை.

கல்லூரிகளில் இத்தொழில் வேரூன்றக் காரணமானவர் பாய்டு எப்லி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கோலூன்றித் தாண்டும் வீரராயிருந்த அவர், முதுகில் காயமுற்றபின் எடைப்பயிற்சியில் ஈடுபட்டார். காயமுற்ற கால்பந்து வீரர் சிலரும் அவரைப் பார்த்து அவ்வாறே செய்தனர். அவர்கள் முன்னிலும் வலிமையுடன் களம் திரும்பியதைத் துணைப் பயிற்றுநர் டாம் ஆஸ்பர்ன் கவனித்தார். 1969இல் அணி முழுமைக்கும் பயிற்சியளிக்கும் பணி எப்லிக்குக் கிடைத்தது. ஊதியம் மணிக்கு 2 டாலர். தலைமைப் பயிற்றுநர் பாப் டிவேனி ஒரு நிபந்தனை விதித்தார்: எந்த வீரரின் வேகமாவது குறைந்தால் எப்லியின் வேலை போய்விடும்.

அந்த நிபந்தனைக்கு அளவீடே விடையாக அமைந்தது. 40 கெச ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்கும் உயரம், தூக்கும் எடை ஆகியவற்றை எப்லி சோதித்துப் பதிவு செய்தார். பயிற்சியின் பயனை எண்களே கூறின. 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் நெப்ராஸ்கா தேசிய வாகை சூடியது. அதற்கு எடைப்பயிற்சி மட்டுமே காரணம் எனல் மிகை. ஆனால், பிற பல்கலைக்கழகங்களும் இத்தகைய பயிற்றுநரைத் தேடத் தொடங்கின. 1978இல் எப்லி லிங்கன் நகரில் நிறுவிய சங்கத்தில் 76 பயிற்றுநர்கள் கூடினர்.

போட்டிகள் இல்லாத மாதங்களில் வீரர்களுடன் மிகுதியான நேரத்தைச் செலவிடுபவர் இப்பயிற்றுநரே. ஆதலால் அவர் அதிகாரமும் பெரிது. தவறினால் விளையும் கேடும் பெரிது. 2018 மே மாதத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உடல்தகுதிக்கான ஓட்டப் பயிற்சியின்போது 19 வயது வீரர் ஒருவர் வெப்பத்தாக்கத்துக்கு உள்ளானார். குளிர்நீரில் உடலை அமிழ்த்தும் சிகிச்சை உரிய நேரத்தில் அளிக்கப்படவில்லை. இரு வாரங்களுக்குப் பின் அவர் உயிரிழந்தார். பல்கலைக்கழகம் பொறுப்பேற்றுக்கொண்டது, உடல்வலுப் பயிற்றுநர் பணியிலிருந்து விலகினார்.