பழந்துணிப் பந்து போதும்!

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் மலைக்கோட்டையடிச் சின்னக்கடை வீதியிலும் குழந்தையைப் பந்தோடு விட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது வண்டிகள் பறக்கின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டாலோ காவேரி மணலும் ஆகாது. வீட்டுக் கொல்லைதான் கதி!

பழைய வேஷ்டியைக் கிழித்து இறுகச் சுருட்டித் தைத்தால் பந்து தயார்.

ஒன்றரை வயதுக் குழந்தையா? எதிரே காலை அகட்டி உட்கார்ந்து உருட்டி விடுங்கள். இரண்டு வயதில் உதைக்க வரும், சுவரில் முறத்தைச் சாய்த்து, "அதிலே அடி, பார்க்கலாம்!" என்று சொல்லுங்கள். மூன்று வயதில் கூடைக்குள் போடட்டும். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கட்டும்.

தாய்மார்களே, ஒன்று மட்டும் மறவாதீர்கள்: மூன்று வயதுவரை கோலிக்குண்டும், குறுக்களவு நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்த பந்தும் வேண்டாம். தொண்டையில் சிக்கினால் மூச்சையே அடைத்துவிடும். துணிப் பந்தைப் பெரிய சாத்துக்குடி அளவுக்கே தையுங்கள். தைத்த ஊசியை மறக்காமல் எடுத்து வையுங்கள்!