பிளஸ், மைனஸ் மாறினால்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் பேட்டரி வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் குறியீட்டின் கடைசி எழுத்து. 38பி20எல், 38பி20ஆர் இரண்டும் ஒரே அளவு. 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். பிளஸ் முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதே வேறுபாடு. மாற்றி வாங்கிவந்தால் பெரும்பாலும் கேபிள் எட்டாது. அப்படித்தான் அளந்து வெட்டுகிறார்கள். பிளஸ் முனை மைனஸைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தடித்தும் இருக்கும். அப்படியும் கேபிளை இழுத்து, கிளாம்பை விரித்து மாட்டிவிடும் சூரர்கள் உண்டு.

மாட்டினால் என்ன ஆகும்? இழை பல்புக்கு வித்தியாசமே தெரியாது, வழக்கம்போல் எரியும். எல்.இ.டி. இருண்டு கிடக்கும். நிலைக்காந்தம் வைத்த ஏசி விசிறி எதிர்த்திசையில் சுற்றும். ஆனால் காந்தத்துக்குப் பதில் சுருள் வைத்த பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் சரியான திசையிலேயே சுற்றும்! அதில் காந்தப்புலம், மின்னோட்டம் இரண்டுமே சேர்ந்து திரும்பிவிடுகின்றன.

விபரீதம் ஆல்டர்னேட்டரில். அது தயாரிப்பது மாறுமின்சாரம். பேட்டரி கேட்பது நேர்மின்சாரம். நடுவில் ஆறு டையோடுகள், அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சில்லுகள், அதை மாற்றித் தருகின்றன. பேட்டரியின் மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பி வடியாமல் காப்பதும் அவையே. முனைகள் மாறினால் அத்தனையும் திறந்துகொள்ளும். சாவி போடவே வேண்டாம். 12 வோல்ட்டில் சுமார் இரண்டை டையோடுகள் தாங்கும். மீதிப் பத்தைத் தடுக்கக் கேபிளும் பேட்டரியின் உள்தடையும் மட்டுமே. அவை ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் 500 ஆம்பியர்! வீட்டு கீசர் இழுப்பது ஒன்பதுதான். முதலில் உருகுவது பிரதான ஃபியூஸா, டையோடா என்பதைப் பொறுத்தே மெக்கானிக்கின் பில்.

டையோடு இல்லாத டைனமோ காலத்தில் இவ்வளவு பயமில்லை. பழைய மோரிஸ் மைனர் காரில் பிளஸ்தான் பாடி எர்த். அதை மைனஸுக்கு மாற்றிவிட்டு, அந்த டைனமோவை ஒரு கணம் பேட்டரியோடு தொட்டு எடுத்தால், அது புதிய முனைக்கே பழகிக்கொள்ளும்.

இன்றைய காரில் கணினிகள் குவிந்திருக்கின்றன. அவற்றின் வாசலில் ஒரு டையோடைக் காவல் வைக்கலாம். ஆனால் 10 ஆம்பியர் ஓடினால் அது ஏழு வாட் வெப்பம் கக்கும். அதற்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சை, வழக்கத்துக்கு மாறாகத் தலைகீழாகப் பொருத்துகிறார்கள். முனை சரியென்றால் முழுவதும் திறக்கும், அரை வாட்டில் வேலை முடியும். தவறென்றால் மூடியே இருக்கும். மாறிய முனையைத் தலைகீழாக மாட்டிய ஒன்றே தடுப்பது எனக்கு மிகவும் பிடித்த குறும்பு. 1985-இல் பெங்களூரில் மையம் தொடங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்தச் சுவிட்சை இயக்கவென்றே தனிச் சில்லுகள் விற்கிறது.

ஆளுக்கே ஆபத்து, அபார்ட்மென்ட் அடித்தளத்தில் பக்கத்து காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடும்போதுதான். முனை மாறினால் இரண்டு பேட்டரிகளும் தொடராகச் சேர்ந்து, 24 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் அந்தக் கேபிள் வழியே பாயும். பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும்; காற்றில் அது நான்கு சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும், பேட்டரி வெடித்து அமிலம் தெறிக்கும். சரியாக மாட்டும்போதும் கடைசி இணைப்பில் சிறு பொறி வரும். ஆகவே கடைசிக் கறுப்பு கிளிப்பை, படுத்துவிட்ட பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்கிறார்கள்.